சீல் இல்லாத ஆபீஸ்

ஆவடி பக்கத்துல, கோவில்பதாகைல தெரு விளக்கு எரியலனா ஜனங்க மாநகராட்சி ஆபீஸுக்குப் போக மாட்டாங்க. அனுசுயா ஊட்டுக்குத்தான் போவாங்க, மனு எழுதறதுக்கு. எட்டாங் கிளாஸ்ல ஆரம்பிச்ச வேலை. இப்ப வயசு இருபத்தி மூணு, சட்டக் கல்லூரில கடைசி வருஷம். இதுவரைக்கும் பதினோரு விளக்கு, ரெண்டு கால்வாய் மூடி, ஒரு ரேஷன் கடை எடை மெஷின், அப்பறம் நாலு நாளா ரோட்ல கெடந்த செத்த எருமை ஒண்ணு. எருமையை மட்டும் மனு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க, நாத்தம் கவுன்சிலர் ஊடு வரைக்கும் போயிடுச்சு. ஆனா அதுவும் அனுசுயா பண்ணதுதான்னு தெரு அடிச்சு சொல்லும்.

மனு எழுதறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம். யார் வேணா எழுதலாம். சூட்சுமம் வேற இடத்துல இருக்கு. எப்பவும் ரெண்டு காப்பி எடுக்கணும். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நமக்கு. நம்ம காப்பில சீல் அடிச்சு தேதி போட்டு வாங்காம அந்த ஆபீஸ் படி எறங்கக் கூடாது. சீல் இல்லாத மனு கடலை மடிக்கத்தான் ஆவும். அதே மாதிரி, பதில் லெட்டர் வந்தா கவரைக் கிழிச்சுப் போடக் கூடாது. லெட்டர் பின்னாடியே வெச்சு பின் அடிக்கணும். எதுக்குனு கேட்டா அனுசுயாவுக்கே சொல்லத் தெரியாது. தெருவுல முதல்ல மனு எழுதின ஆளு அப்படித்தான் பண்ணாரு, அவளும் அப்படியே பண்றா.

இந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவைதான் தோத்தா.

மூணரை வருஷம் முன்னாடி, தெருக்காரங்க பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியில ஒரு அடுக்குமாடி கம்பெனிக்காரன் இரும்பு கேட் போட்டுட்டான். காலங்காலமா ஜனம் நடந்த வழி. அனுசுயா மனு போட்டா. கம்பெனிக்காரன் வாயைத் தொறக்கல. அவன் சார்பா ஒரு பெரிய வக்கீல் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சு. கல்யாணப் பத்திரிகை மாதிரி தடி பேப்பர், நாலு பக்கம், வரிக்கு வரி செக்‌ஷன் நம்பர். வழி உங்களுதுனா இந்தக் கடிதத் தேதியிலேர்ந்து பதினஞ்சு நாளைக்குள்ள ஆதாரத்தைக் காட்டு, இல்லனா மனுவை வாபஸ் வாங்கு, ரெண்டும் இல்லனா நஷ்டஈடு கேஸ். நஷ்டஈடுன்ற வார்த்தையைப் படிச்சதும் தெருவே கப்சிப். வாபஸ் கடிதத்தை எழுதினதும் அனுசுயாதான். அதுலயும் சீல் வாங்கினா. அந்த ஃபைலை அதுக்கப்பறம் தொறக்கவே இல்ல. தெரு இன்னிக்கும் சுத்திகினுதான் பஸ் ஸ்டாப்புக்குப் போவுது.

அந்த நாலு பக்கத்தை எந்த மேஜையில உக்காந்து எழுதறாங்கனு பாக்கணும். அதுக்குத்தான் பி.ஏ. முடிச்ச கையோட சட்டம் படிக்கப் போனா. நீதிதேவதை மேல காதல் கீதல்லாம் இல்ல.

கடைசி வருஷம் வந்துச்சுனா பசங்க எல்லாம் இன்டர்ன்ஷிப்னு அலைவாங்க. ஒரு வக்கீல் ஆபீஸ்ல நாலு வாரம் உக்காந்து வேலை பழகறது. பெரிய ஃபர்ம்ல கெடைச்சா பொழப்பே மாறிடும். ஆனா அங்க காலேஜ் பேரைப் பாத்துத்தான் கதவு தொறப்பாங்க, இத ஒளிச்சுப் பேச ஒண்ணும் இல்ல. அனுசுயா பதினாலு ஃபர்முக்கு ஆன்லைன்ல போட்டா. பதினாலும் கெணத்துல போட்ட கல்லு. ஒரு 'முடியாது' கூட வரல.

"சப்மிட்னு அமுக்கினா 'தேங்க் யூ'ன்னு வருது. யார் வாங்கினது, எந்தத் தேதில வாங்கினது? ஒண்ணும் கெடையாது. இதெல்லாம் ஒரு ஆபீஸாடி?"ன்னு இஃபத்கிட்ட பொலம்பினா.

இஃபத் கூடப் படிக்கிறவ. பூந்தமல்லில அவங்க அத்தா உஸ்மான் கனி தையல் கடை வெச்சிருக்காரு. வக்கீல் கோட்டு தைக்கிறதுல கை தேர்ந்த ஆளு.

"நீ இன்னும் ஒரு ஆபீஸுக்குப் போடலயே"ன்னா இஃபத்.

எந்த ஆபீஸ்னு ரெண்டு பேருக்கும் தெரியும். நாலு பக்க ஆபீஸ்.

ஊட்ல அப்பா வேம்புலி வேற ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாரு. ஆவடி ஸ்டேஷன்ல ஷேர் ஆட்டோ ஓட்ற மனுஷன். ஆட்டோல டெய்லி ஏறுற பரந்தாமன் வக்கீல்கிட்ட பேசி முடிச்சிட்டாரு. பூந்தமல்லி கோர்ட்ல ஜூனியர், ஒண்ணாந்தேதிலேர்ந்து.

"இன்னாம்மா, இன்னும் எவன் லெட்டர் போடுவான்னு வாசலையே பாத்துகினு கீற? பரந்தாமன் சார் தங்கமான ஆளு. கேஸ் கட்டு தூக்கிகினு பின்னாடி போனா தானா தொழில் ஒட்டிக்கும்."

"இந்த ஒண்ணு மட்டும்பா. இது வரலனா ஒண்ணாந்தேதி கட்டு தூக்கறேன். வாக்கு."

"வாக்கு குட்த்துட்ட. அப்பறம் எனக்கே மனு போடக் கூடாது, சொல்ட்டேன்."

அனுசுயா ஆன்லைன் பக்கமே போகல. தனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணா. அப்ளிகேஷனை இங்கிலீஷ்லதான் எழுதினா, ஆனா எலும்புக்கூடு மனுவோடது. அனுப்புநர், பெறுநர், பொருள், 'பணிவுடன் சமர்ப்பிப்பது'. ரெண்டு காப்பி எடுத்துகினு ரயில் ஏறி, பஸ் மாறி, நுங்கம்பாக்கத்துல அந்த ஆபீஸுக்கே போயிட்டா. வாசல்லேர்ந்து கக்கூஸ் வரைக்கும் கண்ணாடி. ரிசப்ஷன்ல பவ்யான்னு ஒரு பொண்ணு, இவ வயசுதான் இருக்கும்.

"மெயில்ல அனுப்பிடுங்களேன்."

"நேர்லயே கொண்டாந்துட்டேன் மேடம். இதுல ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க."

"சீலா?"

"ரப்பர் ஸ்டாம்ப். 'பெறப்பட்டது'ன்னு இருக்குமே."

பவ்யா இழுப்பறையைத் தொறந்து பாத்தா. சாக்லேட் இருந்துச்சு, சார்ஜர் இருந்துச்சு. சீல் இல்ல. இவ்ளோ பெரிய ஆபீஸ்ல ஒரு ஸ்டாம்ப் பேடு கூட இல்லையான்னு அனுசுயாவும் இழுப்பறைக்குள்ள எட்டிப் பாத்தா. பாவம்னு பவ்யா பேனால 'வாங்கிக் கொண்டேன், பவ்யா'ன்னு எழுதி, தேதியும் போட்டு, பக்கத்துல ஒரு சிரிக்கிற மூஞ்சியும் வரைஞ்சு குடுத்தா. சர்க்கார் ஆபீஸ்ல எவனும் மூஞ்சி வரைஞ்சதில்ல.

பதினஞ்சு நாள் ஓடிச்சு. பதில் இல்ல. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒம்போது நாள். மனுப் பழக்கம் இருக்கவங்க இந்த நேரத்துல அழமாட்டாங்க. 'முதல் நினைவூட்டல்' போடுவாங்க. அனுசுயாவும் போட்டா. பதட்டத்துல கை தானா ஓடி, கடைசியில 'நகல்' பகுதியையும் எழுதிடுச்சு. ஒண்ணு, நிர்வாகப் பங்குதாரர். ரெண்டு, மனிதவளப் பிரிவு. மூணு, தலைவர், பார் கவுன்சில், தகவலுக்காக. வக்கீலுங்க மேல புகார் போற எடம் அது.

பவ்யா மறுபடியும் மூஞ்சி வரைஞ்சா. அடுத்த நாளே ஃபோன் வந்துச்சு. வியாழக்கிழமை காலைல பதினோரு மணிக்கு இன்டர்வியூ.

ஃபோனை வெச்சதும் அனுசுயாவுக்கு உள்ளங்கை ஐஸ் ஆயிடுச்சு. கலெக்டர் முன்னாடி நின்னு பேசின பொண்ணு. தாசில்தாரை "இதுக்கு எழுத்துல பதில் குடுங்க சார்"னு கேட்ட பொண்ணு. அங்கெல்லாம் தெருவுக்காக நின்னா. இப்ப தனக்காக உக்காரணும். இதான் கோளாறு.

புதன்கிழமை பூந்தமல்லி கடைல ஒத்திகை. இஃபத் தையல் மெஷின் மேல உக்காந்துகினா. ஃபர்ம் முதலாளி வேஷம் உஸ்மான் கனிக்கு. அளவு டேப்பை கழுத்துல போட்டுகினு, பாதி தைச்ச கறுப்பு கோட்டு ஒண்ணை மாட்டிகினு கெத்தா உக்காந்தாரு. ஒரு கை இன்னும் தைக்கல.

"ம். உன்னப் பத்தி சொல்லும்மா."

அனுசுயா வாயைத் தொறந்தா. "மேற்படி முகவரியில் வசித்து வரும் நான் தங்களிடம் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்..."

இஃபத் மெஷின்லேர்ந்து விழாத குறை. "யாதெனிலா? டீ, அவரு என்ன ஜில்லா கலெக்டரா?"

"வருதுடி! நான் இன்னா பண்றது? பயந்தா அதான் வருது!"

"மறுபடி சொல்லு. என் பேரு அனுசுயா. அதுலேர்ந்து ஆரம்பி."

"என் பேரு அனுசுயா. தந்தை பெயர் வேம்புலி. கோவில்பதாகை அஞ்சல்."

"பின்கோடும் சொல்லிடு, நெறைவா இருக்கும்"னா இஃபத்.

உஸ்மான் கனி கோட்டைக் கழட்டினாரு. "எனக்கு ஒண்ணும் தப்பா தெரியலயே. மரியாதையாத்தான் பேசுது. நான் முதலாளியா இருந்தா வேலை குட்த்துடுவேன்."

"அத்தா, நீ பட்டன் தைக்க வர்றவனுக்கே ரெண்டு நாள் ட்ரையல் வெப்ப. சும்மா இரு."

ஏழு தடவை ஒத்திகை. ஏழு தடவையும் யாதெனில். இஃபத்துக்கு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அனுசுயா கையில ஒல்லியா ஒரு ஃபோல்டர், அதுல ஒரு பயோடேட்டா. அவ்ளோதான். கை வெச்சுக்க எடம் தெரியாம ஆடிகினே இருந்துச்சு.

"மனு ஃபைல் எல்லாம் வெச்சிருப்பியே, அந்தக் கட்டைப் பை எங்கடி?"

"அது... துணிக்கடை பை. கண்ணாடி ஆபீஸுக்கு எப்பட்றீ எடுத்துகினு போறது?"

"யாதெனிலை எடுத்துகினு போற, பையை எடுத்துகினு போனா இன்னா? மடியில வெச்சுக்கோ. கையாவது சும்மா இருக்கும்."

வியாழக்கிழமை கட்டைப் பையோட போனா. உள்ள தெருவோட அத்தனை ஃபைலும். செத்த எருமை உள்பட. ரூம்ல ஒரே ஒரு ஆளுதான், பங்குதாரர் ஜானகிராமன். ஐம்பத்தஞ்சு வயசு, பாதி நரை, மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சிருந்தாரு. அவர் கையில 'முதல் நினைவூட்டல்'.

"மூணாவது நகல் யாருக்கும்மா?"

"பார் கவுன்சில் தலைவருக்கு சார். தகவலுக்காக."

"அனுப்பிட்டியா?"

"இல்ல சார். போட்டா மட்டும் போதும். அனுப்ப மாட்டோம்."

ஜானகிராமன் பேப்பரை கீழ வெச்சாரு. "அனுப்ப மாட்டீங்க. இங்க ஒரு நாள் பூரா ஒருத்தனும் வேலை பாக்கல, தெரியுமா? நாம இன்னா தப்பு பண்ணோம்னு பழைய ஃபைல் எல்லாம் தூசி தட்னாங்க. சரி. உன்னப் பத்தி சொல்லு."

"மேற்படி முகவரியில்..."

சொல்லிட்டா. நிறுத்தவும் முடியல. 'யாதெனில்' வரைக்கும் போய்த்தான் வண்டி நின்னுச்சு. ஜானகிராமன் நெத்தியில இருந்த கண்ணாடியை எறக்கிப் போட்டுகினு இவளைப் பாத்தாரு.

"எவ்ளோ ஃபர்ம் இருக்கு. எங்க ஆபீஸ்ல எதுக்கு சேரணும்னு நெனைக்கிற?"

இதுக்கு இஃபத் ஒரு பதில் எழுதிக் குடுத்திருந்தா. 'தங்கள் நிறுவனத்தின் மேன்மை'ன்னு ஆரம்பிக்கும். அதுல மேன்மை மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணாந்தேதி, பரந்தாமன் வக்கீல், கட்டு. எல்லாம் கண்ணு முன்னாடி வரிசையா நின்னுச்சு. கை தானா பைக்குள்ள போச்சு. பேச்சு வராதப்ப ஆதாரத்தை எடுத்து வைக்கணும். அது எட்டாங் கிளாஸ்லேர்ந்து வந்த புத்தி.

மூணரை வருஷமா தொறக்காத ஃபைலை மேஜை மேல வெச்சா. தடி பேப்பர், நாலு பக்கம்.

"இத எங்க எழுதறாங்கனு பாக்கணும் சார். அதான்."

அவரு புரட்டினாரு. "என் கையெழுத்துதான்."

"எங்க தெருவுக்கு வந்துச்சு சார். படிச்சுட்டு பயந்து மனுவை வாபஸ் வாங்கிட்டோம். வாபஸ் எழுதினது நான்தான்."

நாலாவது பக்கம் புரண்டுச்சு. பின்னாடி கவரு, பின் அடிச்சபடி. அனுசுயா கண்ணு பழக்கதோஷத்துல தபால் முத்திரை மேல போச்சு. திரும்ப முதல் பக்கத்துக்குப் போச்சு. திரும்ப கவருக்கு வந்துச்சு.

"சார், ஒரு நிமிஷம். குடுங்க அத."

ஃபைலை அவரு கையிலேர்ந்தே வாங்கிட்டா.

"லெட்டர் தேதி ரெண்டு. பதினஞ்சு நாள்னா பதினேழோட கெடு முடிஞ்சிடுச்சு. முத்திரை பத்தொம்பது! போஸ்ட் பண்ணதே பத்தொம்பதாந் தேதி சார். கெடு முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு லெட்டர் கெளம்பிக்கீது. நாங்க எப்ப சார் ஆதாரம் காட்றது? இத யாரு போஸ்ட் பண்ணது? தபால் அனுப்பற ரிஜிஸ்டர் இருக்கா இங்க? இருந்தா கொண்டாரச் சொல்லுங்க. இதுக்கு எழுத்துல பதில் குடுங்க சார்!"

யாதெனில் எங்க போச்சுனே தெரியல. உள்ளங்கை சூடா இருந்துச்சு. ஜானகிராமன் நாற்காலில சாஞ்சு உக்காந்தாரு.

"இப்ப யாரு யாரை இன்டர்வியூ பண்றா?"

அப்பதான் இவளுக்கு எங்க உக்காந்திருக்கோம்னு ஒறைச்சுச்சு. "மன்னிக்கணும் ஐயா"ன்னு எழுந்துட்டா.

"உக்காரு. கவரை எதுக்கு வெச்சிருந்த?"

"கவரைப் போட மாட்டோம் சார். பழக்கம்."

"பழக்கம்!" அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "டெய்லி இங்க நாப்பது கவரு வருது. பெரிய பெரிய காலேஜ்ல படிச்ச பசங்க கிழிச்சு குப்பையில போடறாங்க. போன மாசம் ஒரு கேஸ்ல நோட்டீஸ் என்னிக்கு வந்துச்சுனு ஜட்ஜ் கேட்டாரு. கவரு இல்ல. பேந்தப் பேந்த முழிச்சுகினு நின்னேன், முப்பது வருஷ சர்வீஸ்ல."

கண்ணாடியைத் திரும்பப் போட்டுகினாரு. அப்பறம் குரல் மாறுச்சு.

"ஒண்ணு கேட்டுக்க. அந்த கேட்டுக்காரர் இன்னிக்கும் எங்க கட்சிக்காரர். உன்ன இங்க எடுத்தா அந்த ஃபைல் பக்கம் நீ வரக் கூடாது. அந்த விஷயத்துல உங்க தெருவுக்கு நீ மனு எழுதவும் கூடாது. இங்க பாக்கறதை வெளிய பேசக் கூடாது, அது நாலு வாரம் கழிச்சும். ஒத்துக்குவியா?"

அனுசுயா யோசிச்சா. மூணரை வருஷம் கழிச்சு கையில ஆதாரம் கெடைச்சிருக்கு, கெடைச்ச அன்னிக்கே கையைக் கட்டறாங்க.

"இங்க பாக்கறதைப் பேச மாட்டேன் சார். மனுவும் எழுத மாட்டேன். ஆனா இந்த ஃபைல் இங்க பாத்தது இல்ல. இது தெருவுது. தெருகிட்ட குடுத்துடுவேன்."

அவரு பேனாவை மூடித் தொறந்து மூடினாரு. "உங்க தெருவுக்கு வந்த லெட்டரு. நான் எப்படி வேணாம்னு சொல்ல முடியும்?"ன்னாரு. அப்பறம், "சரி, சொல்லி அனுப்பறோம்."

"எப்ப சார்?"

"சொல்றோம்மா."

பதினாலு கல்லு கெணத்துல விழுந்த சத்தம் இவ காதுல கேட்டுச்சு. பையிலேர்ந்து அப்ளிகேஷனோட ரெண்டாவது காப்பியை எடுத்து, சிரிக்கிற மூஞ்சிக்குப் பக்கத்துல வெரலை வெச்சா. "இதுல தேதி போட்டுக் குடுத்துடுங்க சார்."

ஜானகிராமன் இவ மூஞ்சியைப் பாத்தாரு. வரைஞ்ச மூஞ்சியையும் பாத்தாரு. 'திங்கட்கிழமை மாலைக்குள்'னு எழுதி கையெழுத்து போட்டாரு.

அன்னிக்கு சாயங்காலம் வேம்புலி வண்டியை நிறுத்திட்டு உள்ள வந்ததும் ஃபைலை அவர் கையில குடுத்தா. "இத இனிமே நான் தொடக் கூடாதுப்பா. தெருவுது. கவரு பின்னாடி இருக்கு, பாத்து."

"ஏன், இன்னா ஆச்சு? கவருல இன்னா கீது?"

"அதையும் நான் சொல்லக் கூடாது. ரெண்டு தேதி இருக்கு. நீயே படி."

வேம்புலி ராத்திரி சோறு ஆற ஆறப் படிச்சாரு. வெரல் விட்டு எண்ணினாரு. மறுபடி எண்ணினாரு. "அட்ரா சக்கை!"ன்னு கத்தினதுல பக்கத்து ஊட்டு நாய் கொலைச்சுச்சு.

திங்கட்கிழமை வந்துச்சு. மூணு மணி, நாலு மணி. அனுசுயா ஃபோனை சார்ஜ்லேர்ந்து எடுக்கவே இல்ல. இஃபத் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை "வந்துச்சா?"ன்னு மெசேஜ் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஃபோன் டிங்குனு அடிக்க, இவளுக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. கடைசில "இனிமே நீ மெசேஜ் போட்டா பார் கவுன்சில் தலைவருக்கு நகல் போட்ருவேன்"னு மெரட்டினா. அஞ்சு ஐம்பதுக்கு மெயில் வந்துச்சு. நாலு வாரம், ஒண்ணாந்தேதிலேர்ந்து. பரந்தாமன் வக்கீல்கிட்ட வேம்புலியே போய் சொல்லிட்டாரு. "தப்பா நெனைக்காத சார், பொண்ணு பெரிய எடத்துல கவரு எண்ணப் போவுது."

ஒண்ணாந்தேதி காலைல உஸ்மான் கனி தைச்ச கோட்டு, ரெண்டு கையும் வெச்சது, கட்டைப் பை, பையில சேர்க்கைக் கடிதம் ரெண்டு காப்பி. அதே நேரத்துல வேம்புலி இன்னொரு பையை எடுத்துகினு திருவள்ளூர் ரயில்ல உக்காந்திருந்தாரு, கலெக்டர் ஆபீஸுக்கு. மனு அவரே எழுதினது. பொருள்: கேட். நாலே வரி, அதுல மூணு எழுத்துப் பிழை. அனுசுயா முந்தின நாளே பாத்தா, வாயைத் தொறக்கல. வாக்குன்னா வாக்கு. "ரெண்டு காப்பி எடுத்தியாப்பா?"ன்னு மட்டும் கேட்டா. அது எந்த ஃபைலுக்கும் பொதுவான கேள்விதான்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி பவ்யா உக்காந்திருந்தா. மேஜை மேல புத்தம் புதுசா ஒரு ஸ்டாம்ப் பேடு, இன்னும் பிளாஸ்டிக் கூட பிரிக்கல. பக்கத்துல சாக்லேட் சைஸுக்கு ஒரு ரப்பர் சீல்.

"சார் வாங்கச் சொன்னாரு. உங்களாலதான். எப்படி அடிக்கிறதுன்னே தெரியல, நீங்கதான் முதல் போணி."

அனுசுயா ரெண்டாவது காப்பியை நீட்டினா. பவ்யா மூச்சைப் புடிச்சுகினு ஓங்கி ஒரு அடி அடிச்சா. மேஜை அதிர்ந்துச்சு, ரிசப்ஷன்ல உக்காந்திருந்த கட்சிக்காரர் ஒருத்தர் எழுந்தே நின்னுட்டாரு.

சீல் தலைகீழா விழுந்துச்சு.

"ஐயோ, சாரி! வேற பேப்பர்ல..."

"இருக்கட்டும்"னு அனுசுயா பேப்பரைத் திருப்பிப் புடிச்சுப் பாத்தா. "தேதி சரியாத்தான் இருக்கு." பத்திரமா மடிச்சு பையில வெச்சா. அப்பறம் பவ்யா காலடில இருந்த குப்பைக் கூடைல எட்டிப் பாத்து, கிழிச்சுப் போட்ட ரெண்டு கவரை வெளிய எடுத்தா.

"இது எந்த லெட்டரோடது மேடம்?"